நீலப்பச்சைப் பாசி தொட்டியில ஏன் பிடிக்கல? வெயில், சூடு, தண்ணி, பிஎச் பாத்து சரிபண்றது எப்படி

நெல்லு வயலுக்கு போடலாம்னு நீலப்பச்சைப் பாசி விதை வாங்கிட்டு வந்து, தொட்டி கட்டி மண்ணு போட்டு தண்ணி விட்டு மேல தூவிட்டு, பத்து நாள் பாத்துட்டு "ஒண்ணும் வரல, டூப்ளிகேட் பொட்டலம்"னு தூக்கிப் போடுறவங்க நெறைய பேர் இருக்காங்க. பொட்டலம் மோசமா இருக்கவும் வாய்ப்பு இருக்கு, இல்லேங்கல. ஆனா பெரும்பாலும் கோளாறு தொட்டியிலதான். யூரியா மாதிரி தூவினா கரைஞ்சு வேலை செய்ற சரக்கு இல்ல இது, உசுருள்ளது, வெயில்ல இருந்து தானே சாப்பாடு செஞ்சுதான் பெருகணும், அந்த ஒளிச்சேர்க்கை எங்க தடைபடுதோ அங்கயே வளர்ச்சியும் நின்னுடும். தடுக்கிறது வெயிலா, சூடா, தண்ணியா, மண்ணோட பிஎச்சா (புளிப்பா காரமான்னு காட்டுற அளவு, ஏழுக்கு கீழ புளிப்பு, மேல காரம்), மணிச்சத்தான்னு (பாஸ்பரஸ்) கண்டுபிடிக்க பெரிய லேப் எல்லாம் வேணாம், பேனா சைஸ்ல இருக்கிற ஒரு பிஎச் மீட்டரும் ரெண்டு கண்ணாடி பாட்டிலும் போதும்.

முதல்ல ஆள் யாருன்னு பாத்துடுவோம். அனபீனா, நாஸ்டாக், டோலிபோத்ரிக்ஸ், அலோசிரா, இதெல்லாம்தான் நெல்வயல்ல சாதாரணமா இருக்கிற வகைங்க. பாசின்னு கூப்பிட்டாலும் இது பாக்டீரியா, சயனோபாக்டீரியான்னு சொல்றது இதைத்தான். பாக்டீரியாவா இருந்தும் செடி கொடி பண்ற அதே ஒளிச்சேர்க்கைய பண்ணும், தண்ணிய உடைச்சு ஆக்சிஜன் விடும். நெல்வயல் வருஷக்கணக்கா உரமே போடாம எப்படி ஓரளவு விளைஞ்சுதுங்கிற கேள்விக்கு, காத்துல இருக்கிற நைட்ரஜன இந்தப் பாசிதான் புடிச்சு மண்ணுக்கு குடுக்குதுன்னு 1939-லயே பி.கே.டேங்கிற ஆராய்ச்சியாளர் எழுதிட்டார். நல்லா பிடிச்ச வயல்ல ஒரு போகத்துக்கு ஹெக்டேருக்கு 20-லருந்து 30 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைக்கும்னு பொதுவா கணக்கு சொல்றாங்க. ஆனா ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூற உடைக்க அந்த செல்லு 16 ஏடிபி (செல்லுக்குள்ள சக்திய சுமக்கிற மூலக்கூறு) செலவு பண்ணணும், அவ்வளவு சக்தியும் கடைசியில வெயில்ல இருந்துதான் வரணும். அதனால தழைச்சத்த பத்தி கவலைப்படுறதுக்கு முன்னாடி ஒளிச்சேர்க்கை ஓடுதான்னு பாக்கணும்.

தொட்டி அமைக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச முறைதான், சுருக்கமா சொல்லிடறேன். 6 அடி நீளம், 3 அடி அகலம், முக்கால் அடி ஆழத்துல குழி எடுத்து சில்பாலின் ஷீட் விரிங்க, இல்லேன்னா சிமெண்ட் தொட்டி. சலிச்ச வயல் மண்ணு 8-லருந்து 10 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 200 கிராம், தண்ணி நாலு விரக்கடைக்கு கொஞ்சம் மேல. கலக்கி விட்டுட்டு ராத்திரி முழுக்க தெளிய விடணும், இது முக்கியம், கலங்கல்ல தூவினா விதை சேத்தோட சேந்து அடியில போய் உக்காந்துக்கும், அங்க வெளிச்சமே கிடையாது. மறுநாள் காலைல தெளிஞ்ச தண்ணி மேல 100-லருந்து 250 கிராம் விதை தூவுங்க. கொசுவலை போட்டு மூடிடுங்க, இல்லேன்னா நீங்க வளக்கிறது கொசுவாத்தான் இருக்கும்.

இப்போ பிஎச் மீட்டர் விஷயம். பாசி ஒளிச்சேர்க்கை பண்ணும்போது தண்ணியில கரைஞ்சிருக்கிற கார்பன் டை ஆக்சைடையும் பைகார்பனேட்டையும் இழுத்துக்கும், அது போகப்போக தண்ணி காரத்தன்மைக்கு ஏறும். ராத்திரி வெளிச்சம் இல்லாதப்ப பாசியும் மண்ணுல இருக்கிற மத்த உசுருங்களும் மூச்சு விடுறதுல கார்பன் டை ஆக்சைடு திரும்ப கரையும், பிஎச் இறங்கும். அதனால விடியக்காலைல ஒரு தடவ, மத்தியானம் ரெண்டு மணி வாக்குல ஒரு தடவ அளந்து பாருங்க. காலைல ஏழு, ஏழரைன்னு இருந்தது மத்தியானம் ஒம்போதுக்கு மேல போச்சுன்னா உள்ள வேலை அமோகமா நடக்குது. காலைலயும் மத்தியானமும் ஒரே நம்பர்னா ஒளிச்சேர்க்கை படுத்திருக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, போர்வெல் தண்ணி கடினத்தண்ணியா இருந்தா நம்பர் அவ்வளவு வேகமா ஏறாது, அதுல பைகார்பனேட் ஏற்கனவே நெறைய இருக்கும். அதனால பக்கத்து வீட்டு தொட்டியோட ஒப்பிடாதீங்க, உங்க தொட்டிய உங்க தொட்டியோடயே நாளுக்கு நாள் ஒப்பிடுங்க.

இன்னும் தெளிவா தெரியணும்னா ரெண்டு பாட்டில் எடுங்க. ரெண்டுலயும் அதே தொட்டித் தண்ணி, அதே அளவு பாசித் துண்டு, மூடி நல்லா இறுக்கிடுங்க. ஒண்ண அலுமினியம் ஃபாயில் சுத்தி இருட்டாக்குங்க, இன்னொண்ண அப்படியே விடுங்க. ரெண்டையும் வெளிய தரையில வைக்காம தொட்டித் தண்ணியிலயே மிதக்க விடுங்க, அப்பதான் சூடு ரெண்டுக்கும் சமமா இருக்கும். நாலு மணி நேரம் கழிச்சு பிஎச் எடுத்தா ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வெளிச்சத்தால நடந்த வேலை. கடல் ஆராய்ச்சிக்காரங்க இந்த வெளிச்ச பாட்டில் இருட்டு பாட்டில் முறைய நார்வேல 1927-லயே செஞ்சு காட்டிட்டாங்க, அவங்க ஆக்சிஜன அளந்தாங்க, நமக்கு பிஎச் போதும். இனிமே என்ன சந்தேகம் வந்தாலும் இதே பாட்டில்தான். ஒரு பாட்டில்ல ஒரு விஷயத்த மட்டும் மாத்துங்க, ரெண்டு மூணு சேத்து மாத்தினா எதால வந்துதுன்னு சொல்லவே முடியாது.

வெயில்ல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா எல்லாரும் தப்பா நினைக்கிறது இங்கதான். வெயில் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதுன்னு நினைக்கிறாங்க. நம்ம ஊரு உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு செகண்டுக்கு சுமாரா 2000 மைக்ரோமோல் (வெளிச்சத்த அளக்கிற அலகு) வெளிச்சம் குடுக்கும், ஆனா பெரும்பாலான நீலப்பச்சைப் பாசிக்கு அதுல சில நூறு கிடைச்சாலே வயிறு நிறைஞ்சிடும். மிச்சம் வர்றது வீணா போனாகூட பரவால்ல, கெடுதல் பண்ணும். வெளிச்சத்த வாங்கி தண்ணிய உடைக்கிற இடத்துல டி1-ன்னு ஒரு புரோட்டீன் இருக்கு, அது வெயில்ல எப்பவுமே உடைஞ்சுகிட்டே இருக்கும், செல்லும் புதுசு செஞ்சு மாட்டிகிட்டே இருக்கும். உடையிற வேகம் மாட்டுற வேகத்த தாண்டிடுச்சுன்னா ஒளிச்சேர்க்கை சரிய ஆரம்பிச்சிடும். தொட்டியில இது எப்படி தெரியும்னா, காலைல ஒம்போது மணிக்குள்ள பிஎச் விறுவிறுன்னு ஏறும், பதினொண்ணுக்கு மேல அப்படியே நின்னுடும், மேல மிதக்கிற படலத்தோட முதுகு மட்டும் வெளுத்து மஞ்சளாகும், புரட்டிப் பாத்தா அடிப்பக்கம் நல்ல கரும்பச்சையா இருக்கும். இதைப் பாத்தீங்கன்னா 50 சதவீத நிழல்வலைய பதினொண்ணுல இருந்து மூணு வரைக்கும் இழுத்து விடுங்க. விதை தூவின முதல் ஒரு வாரம் இது ரொம்ப அவசியம், அப்போ படலம் மெல்லிசா இருக்கும், மேல இருக்கிற செல்லு கீழ இருக்கிறதுக்கு குடை புடிக்கிற நிலைமை இன்னும் வரல. படலம் தடிச்சதுக்கப்புறம் வலைய எடுத்துடலாம்.

வெயில்ல பழகின பாசி தன்னைத்தானே காப்பாத்திக்கும். ஸ்கைடோனெமின்னு ஒரு பழுப்பு நிறமிய வெளியுறையில பூசிக்கும், அது புற ஊதாக் கதிர தடுக்கும். மழை தண்ணி ஓடுற மொட்டை மாடி சுவர்லயும் பழைய கோயில் மதில்லயும் கறுப்பா ஒரு பூச்சு படிஞ்சிருக்கே, அழுக்குன்னு நினைச்சு தேய்க்கிறோமே, அதுல பெரும்பங்கு இந்த மாதிரி சன்ஸ்கிரீன் போட்டுகிட்ட சயனோபாக்டீரியாதான். பாலைவன மண்ணுல இருக்கிற மைக்ரோகோலியஸ் இன்னும் கெட்டிக்காரன், மண்ணு நனைஞ்சா ஊர்ந்து மேல வரும், காய ஆரம்பிச்சா ஊர்ந்து மண்ணுக்குள்ள போயிடும். ஆனா நீங்க நிழல்ல வச்சு வளத்த விதைய திடீர்னு சித்திரை வெயில்ல தூவினா அதுக்கு இந்த பூச்செல்லாம் போட்டுக்க நேரமே இருக்காது.

இதுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தொட்டிய மரத்தடியில வச்சுட்டு வரலன்னு சொல்றவங்களுக்கு நிழல்தான் காரணம். பச்சையம் போக பைக்கோசயனின்னு ஒரு நீல நிறமி இதுகிட்ட இருக்கு, பச்சையம் சரியா வாங்காத 620 நானோமீட்டர் பக்கத்து ஆரஞ்சு சிவப்பு வெளிச்சத்த அது வாங்கி உள்ள அனுப்பும், அதனாலதான் சாதா பச்சைப்பாசி திணறுற நிழல்லயும் இது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தாக்குப்பிடிக்கும் அவ்வளவுதான், அறுவடை பண்ற அளவுக்கு படலம் வராது. ஒரு பாட்டில வெளிய வெயில்ல இன்னொரு வாளித் தண்ணியில மிதக்க விட்டு பாருங்க, வாளித் தண்ணியும் தொட்டித் தண்ணியும் ஒரே சூட்ல இருக்கணும், அப்புறம் அதுல மட்டும் பிஎச் ஏறினா தொட்டிய நகத்துங்க, வேற வைத்தியம் இல்ல.

அடுத்தது சூடு. தண்ணி 30-லருந்து 35 டிகிரிக்குள்ள இருந்தா நெல்வயல் வகைங்க நல்லா ஓடும், 40 தாண்டினா தளரும், 45 பக்கம் போனா பலது கை தூக்கிடும். காத்து 38 டிகிரின்னு நியூஸ்ல சொன்னா கறுப்பு ஷீட் போட்ட ஆழமில்லாத தொட்டித் தண்ணி அதைவிட சுலபமா மேல போயிடும், தெர்மாமீட்டர் விட்டு பாருங்க, இல்லேன்னா நல்ல பிஎச் மீட்டர்லயே சூடும் காட்டும். சூடு ஏற ஏற மூச்சு விடுற செலவு ஏறும், கார்பன புடிக்கிற ரூபிஸ்கோ என்சைமும் கார்பன் டை ஆக்சைடுக்கு பதிலா ஆக்சிஜன அதிகமா புடிச்சு நேரத்த வீணடிக்கும், ஆக வருமானம் குறைஞ்சு செலவு கூடும். தண்ணி ஆழத்த அரை அடிக்கு ஏத்துங்க, வெள்ளை ஷீட் போடுங்க, தரைக்கு மேல வச்ச தகரத் தொட்டிய விட தரையில தோண்டின குழி எப்பவும் குளிர்ச்சி. மார்கழியில வேற மாதிரி தொந்தரவு, ராத்திரி தண்ணி நல்லா குளிந்துபோய் காலைல பளீர்னு வெயில் அடிக்கும். வெளிச்சத்த வாங்குற வேலை குளிர்ல குறையாது, ஆனா டி1 புரோட்டீன புதுசு பண்ற வேலை குளிர்ல மெதுவாயிடும், அதனால சூடே இல்லாத நாள்லயும் படலம் வெளுக்கும். அப்பவும் காலை வெயிலுக்கு வலை போட்டா சரியாயிடும்.

தண்ணி. பாசி காஞ்சா செத்துடும்னு பயப்பட வேணாம், நாஸ்டாக் எல்லாம் ஹெர்பேரியம் தாள்ல (காஞ்ச செடி ஒட்டி பத்திரப்படுத்துற தாள்) எண்பது வருஷத்துக்கு மேல சருகா கிடந்துட்டு தண்ணி பட்டதும் எழுந்திரிச்ச கதை உண்டு. காயும்போது ட்ரெஹலோஸ் மாதிரி சர்க்கரைய சேத்து வச்சுக்கும், சுத்தியும் கொழகொழன்னு ஒரு சளி உறை இருக்கும், அதுதான் காப்பு. பிரச்சனை காயுறதுல இல்ல, எழுப்புறதுல இருக்கு. தண்ணி பட்டதும் முதல்ல மூச்சு விடுற வேலை ஆரம்பிக்கும், அப்புறம்தான் ஒளிச்சேர்க்கை, நைட்ரஜன் புடிக்கிறது கடைசி. அதாவது முதல் சில மணி நேரம் கையிருப்ப செலவுதான் பண்ணும். அந்த நேரத்துல நீங்க பூவாளியில லேசா தெளிச்சுட்டு போயிட்டீங்க, மத்தியானத்துக்குள்ள காஞ்சுடுச்சு, மறுநாளும் அதே, இப்படி நாலு நாள் பண்ணினா சேத்து வச்சது எல்லாம் கரைஞ்சு உண்மையிலயே செத்துடும். எழுப்பினா முழுசா எழுப்புங்க, தண்ணி நிக்கணும். விடிஞ்ச உடனே தண்ணி விடுறது நல்லது, செலவு முடிஞ்சு வரவு ஆரம்பிக்கிற நேரத்துல பகல் மிச்சம் இருக்கும். பனி ஈரம், காத்து ஈரம் எல்லாம் இதுக்கு பத்தாது, பூஞ்சையும் பாசியும் கூட்டு சேந்து வாழ்றதுக்கு லைக்கன்னு பேரு, அதுல பச்சைப்பாசி கூட்டாளியா இருக்கிற லைக்கன் காத்து ஈரத்துலயே ஒளிச்சேர்க்கை பண்ணிடும், சயனோபாக்டீரியா கூட்டாளியா இருக்கிற லைக்கனுக்கு தண்ணியே தண்ணியா வேணும்.

போர்வெல் தண்ணிய திரும்பத் திரும்ப நிரப்புறவங்க உப்பையும் பாக்கணும். தண்ணி ஆவியாகும் உப்பு தங்கும். உப்பு ஏறினா பாசி உள்ள சுக்ரோஸ் மாதிரி சர்க்கரைய சேத்து சமாளிக்கும், ஆனா அதுவும் ஒளிச்சேர்க்கையில சம்பாதிச்சதுல இருந்துதான் போகும். தொட்டி ஓரத்துல வெள்ளையா பூத்திருந்தா ஒரு தடவ வாய்க்கால் தண்ணியோ மழைத்தண்ணியோ மாத்துங்க. இதுக்காக உப்புன்னாலே ஆகாதுன்னு இல்ல, களர் நிலத்த இந்தப் பாசிய வச்சே சரிபண்ணலாம்னு ஆர்.என்.சிங்குங்கிற ஆராய்ச்சியாளர் 1950-ல எழுதினதெல்லாம் இதோட தாங்கும் சக்திய நம்பித்தான்.

மண்ணு புளிப்பா இருந்தா இது சுத்தமா வராது. ஏழுல இருந்து எட்டரை வரைக்கும் சொர்க்கம், அஞ்சுக்கு கீழ திணறும், நாலுக்கு கீழ இயற்கையிலயே சயனோபாக்டீரியாவ பாக்க முடியாது. செம்மண்ணு எடுத்தவங்க சுண்ணாம்புத்தூள் கொஞ்சம் கொஞ்சமா போட்டு காலை பிஎச் ஏழு வர்ற வரைக்கும் சரிபண்ணிக்கங்க, சூப்பர் பாஸ்பேட்டே கொஞ்சம் புளிப்புதான், அதையும் போட்டு கலக்கி தெளிஞ்சதுக்கு அப்புறம் அளங்க. மணிச்சத்து குறைஞ்சா தெரியுறதுக்கு நாளாகும். வெயில் சூடு எல்லாம் பாட்டில்ல அன்னிக்கே காட்டிடும், மணிச்சத்தும் இரும்பும் அப்படி இல்ல, ஒரு வாரம் பத்து நாள் ஆனாதான் வித்தியாசம் வரும், அதனால இதுக்கு பாட்டில் பத்தாது, ரெண்டு சின்ன டப் வச்சு ஒண்ணுல மட்டும் சூப்பர் பாஸ்பேட் கூட்டிப் பாருங்க. படலம் நல்லா தடிச்ச தொட்டியில மத்தியானம் பிஎச் பத்து பக்கம் போய் நின்னுடுச்சுன்னா தண்ணியில கார்பனே தீந்துபோச்சுன்னு அர்த்தம். பாட்டில்ல ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு பாருங்க, மீட்டர நம்பாம குமிழிய பாருங்க, சட்டுன்னு குமிழி கூடினா பட்டினி கார்பனுக்குத்தான். தொட்டிக்கு சோடா எல்லாம் போட வேணாம், அறுவடை பண்ற நேரம் வந்துடுச்சுன்னு எடுத்துக்கங்க.

சீக்கிரம் வரட்டும்னு தொட்டியில யூரியா போடுறாங்க சில பேர். பச்சையா வரும், சந்தேகமே இல்ல, ஆனா வர்றது பெரும்பாலும் பச்சைப்பாசி. தழைச்சத்து சும்மா கிடைச்சா நீலப்பச்சைப் பாசி நைட்ரஜன் புடிக்கிற ஹெட்டரோசிஸ்ட் செல்லையே உருவாக்காது, எதுக்கு உருவாக்கணும்? வந்தது எதுன்னு தெரியலேன்னா ஒரு வேடிக்கை இருக்கு. படலத்த கொஞ்சம் கிள்ளி சின்ன பாட்டில்ல தண்ணியோட போட்டு ஃப்ரீசர்ல ராத்திரி வச்சுட்டு காலைல உருக விடுங்க, மறுபடி ஒரு தடவ அப்படியே பண்ணுங்க. நீலப்பச்சைப் பாசின்னா செல்லு உடைஞ்சு பைக்கோசயனின் தண்ணியில இறங்கி நல்ல நீலமா தெளியும், வெயில்ல சாச்சு பக்கவாட்டுல பாத்தா லேசா சிவப்பு மினுங்கும். சாதா பச்சைப்பாசின்னா தண்ணி வெளுப்பாவே இருக்கும், பச்சையம் தண்ணியில கரையாது. வீட்டுல பசங்க இருந்தா கூப்பிட்டு காட்டுங்க.

எல்லாம் சரியா இருந்தும் ஒரே ராத்திரியில படலம் ஓட்டை ஓட்டையா போச்சுன்னா அது ஒளிச்சேர்க்கை பிரச்சனையே இல்ல, மேயுறவங்க வந்துட்டாங்க. கடுகு மாதிரி நீந்துற ஆஸ்ட்ராகாட், கொசுப்புழு, நத்தை. வேப்பங்கொட்டைய இடிச்சு துணியில கட்டி ஊற வைங்க. மருந்து தெளிக்கிற டேங்க்ல தண்ணி எடுத்து ஊத்தாதீங்க, முக்கியமா சோளத்துக்கு அட்ரசின் களைக்கொல்லி அடிச்ச டேங்க். அட்ரசினும், டையூரான்ங்கிற இன்னொரு களைக்கொல்லியும் போய் ஒட்டுறது மேல சொன்ன அதே டி1 புரோட்டீன்ல, களைக்கும் பாசிக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது.

பத்து பதினைஞ்சு நாள்ல படலம் தடிச்சு, சாயங்காலத்துல அடியில ஆக்சிஜன் குமிழி மாட்டி தோசை மாதிரி உப்பி மேல வந்து மிதக்கும். அப்போ தண்ணி விடுறத நிறுத்திடுங்க, காஞ்சு சுருண்டு தானா செதில் செதிலா கிளம்பும், சேகரிச்சு நிழல்ல ஒரு நாள் ஆற விட்டு கவர்ல கட்டுங்க, உர மூட்டையோட பூச்சிமருந்தோட சேத்து வைக்காதீங்க. மாடு தொட்டித் தண்ணிய குடிக்க விடாதீங்க, சயனோபாக்டீரியாவுல சிலது நஞ்சு சுரக்கும், சுருள்பாசி (ஸ்பைருலினா) மாதிரிதானேன்னு வாயில போட்டும் பாக்காதீங்க.

வயலுக்கு நட்டு பத்தாம் நாள் வாக்குல ஏக்கருக்கு 4 கிலோ செதிலத் தூளாக்கி நிக்கிற தண்ணியில தூவுங்க. நாளைத் தள்ளாதீங்க, பயிர் தூர் கட்டி மூடிடுச்சுன்னா தண்ணி மேல விழற வெளிச்சம் சட்டுன்னு குறைஞ்சிடும், அதுக்குள்ள பாசி பரவியிருக்கணும். குறுவையில வெயிலும் சூடும் ஜாஸ்தி, தண்ணிய ரொம்ப மெல்லிசா விடாதீங்க. சம்பாவுல ஐப்பசி மழை மூட்டம், அடிச்சு பெய்யுற நாள்ல தூவினா வரப்பு தாண்டி ஓடிடும், ரெண்டு நாள் வெறிச்ச நேரமா பாத்து தூவுங்க. திருந்திய நெல் சாகுபடியில இடைவெளி அதிகம் அதனால வெளிச்சம் நல்லா இறங்கும், ஆனா காயப்போட்டு காயப்போட்டு பாய்ச்சுறதும் கோனோவீடர் (உருட்டி களை எடுக்கிற கருவி) ஓட்டுறதும் படலத்த கலைக்கும், முதல் ஒரு வாரமாவது தண்ணி நிக்க விடுங்க.

பாசி நல்லா பிடிச்ச வயல்ல மேலுரமா யூரியாவ மத்தியானம் நிக்கிற தண்ணியில வீசாதீங்க. அந்த நேரத்துல வயல் தண்ணி பிஎச்சும் ஒம்போது ஒம்போதரைன்னு ஏறியிருக்கும், அந்த காரத்துல யூரியாவுல இருந்து வர்ற அமோனியா வாயுவா கிளம்பி காத்துல போயிடும், பாசி ஒரு பக்கம் சேக்குறத நாம இன்னொரு பக்கம் பறக்க விடுற கணக்கு. தண்ணிய வடிச்சுட்டு சாயங்காலமா போட்டு, கோனோவீடரால மண்ணுக்குள்ள அமுக்கிட்டு, மறுநாள் தண்ணி கட்டுங்க.